பி.டி.எஸ்.டி. உள்ளவரோடு வாழ்கிறீர்களா? எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அண்ணன் ஒரு சாலை விபத்தில் உயிர் தப்பியவர். உடம்புக் காயங்கள் சில மாதங்களில் ஆறிவிட்டன. எங்களுக்குப் புரியாத நாட்கள் அதற்குப் பிறகுதான் தொடங்கின. அண்ணனுக்குப் பி.டி.எஸ்.டி. (போஸ்ட் ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று மருத்துவர் சொன்னார், அவர் என்ன செய்ய வேண்டும் என்றும் சொன்னார். கூட இருக்கும் நாங்கள் என்ன செய்வது என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை. அதைத் தேடித்தான் புத்தகங்களிடம் போனேன். இதே நிலையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கூட இருந்தவள், படித்தவள், அவ்வளவுதான்.

பி.டி.எஸ்.டி. என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

உயிருக்கே ஆபத்தான ஒன்றையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தபின், அல்லது நேரில் பார்த்தபின், ஒரு மாதத்துக்கு மேலாகியும் மனமும் உடம்பும் அந்த ஆபத்திலிருந்து வெளியே வராத நிலை. தமிழில் மனவடு என்று எழுதுபவர்களும் உண்டு. நடந்தது கனவாகவோ, விழித்திருக்கும்போதே மறுபடி நடப்பதுபோன்ற ஃப்ளாஷ்பேக்காகவோ திரும்பி வரும். அதை நினைவுபடுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்க்கத் தோன்றும். தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் இருண்டுபோகும், நெருங்கியவர்கள் மேலும் பிடிப்பு விட்டுப்போகும். உடம்பு எந்நேரமும் உஷாராகவே இருக்கும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இந்தப் பெயர் ஏறியதே 1980-இல்தான். அதற்கு முன்னாலும் மனிதர்களுக்கு இது வந்தது, வீட்டில் இருப்பவர்கள் பெயர் தெரியாமலே தவித்தார்கள்.

சிகிச்சை அவருக்குத்தானே? நான் எதற்காகப் படிக்க வேண்டும்?

காரில் அண்ணன் என் பக்கத்து இருக்கையில் வருவார். முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு எரிந்த நொடியில் அவருடைய வலது கால் தரைவிரிப்பை ஓங்கி மிதிக்கும். அங்கே பிரேக் கிடையாது. கொஞ்ச நாளில் அந்த விரிப்பில் அவர் கால் படும் இடம் மட்டும் தேய்ந்து வெளுத்துப்போனது. எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று இருக்கும். நான் வண்டி ஓட்டுவதை இவர் நம்பவில்லை, பத்து வருஷமாக ஓட்டுகிறேனே என்று. ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து என் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

திடுக்கிடுதல் யோசித்துச் செய்வதல்ல, யோசனை வருவதற்கு முன்பே உடம்பு செய்துவிடும் வேலை என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். அந்தக் கால் என்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது அந்த விபத்தை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நீங்கள் படிப்பதால் அவருக்கு நோய் குணமாகாது. ஆனால் எது நோய், எது அவர், எது உங்கள் மேல் உள்ள கோபம் என்று பிரித்துப் பார்க்க வரும். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம்.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

கூட வாழ்பவர்களுக்காகவே எழுதப்பட்ட ஒன்றில். என் கணிப்பில் முதலில் சிந்தியா ஆரஞ்சின் «ஷாக் வேவ்ஸ்», 2010-இல் வந்தது. வியட்நாம் போருக்குப் போய் வந்தவரின் மனைவி அவர். ஆனாலும் போரோடு நிற்காமல், பலவகை அதிர்ச்சிகளைச் சந்தித்தவர்களின் குடும்பங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார். மொழி எளிமையானது. அசதியாக இருக்கும் இரவில்கூட நாலு பக்கம் படிக்க முடியும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு அதுவே முதல் தேவை.

உங்கள் வீட்டில் இருப்பவர் ராணுவத்தில் இருந்தவர் என்றால் இன்னும் இரண்டு. பேஷன்ஸ் மேசனின் «ரிகவரிங் ஃப்ரம் த வார்» (1990) ஒன்று. இவரும் வியட்நாமில் ஹெலிகாப்டர் ஓட்டிய ஒரு வீரரின் மனைவி. போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றிய பழக்கங்கள்தான் வீட்டில் தொல்லையாக மாறுகின்றன என்பதைப் பொறுமையாகக் காட்டுவார். இன்னொன்று, உளவியலாளர் அஃப்ரடைட்டி மட்சாகிஸ் எழுதிய «பேக் ஃப்ரம் த ஃப்ரன்ட்» (2007). கணவன் மனைவி உறவு, பிள்ளைகள், கோபம், மரத்துப்போன மனம் எல்லாவற்றையும் குடும்பத்தின் பக்கத்திலிருந்து பேசுகிறது.

எல்லோரும் «தி பாடி கீப்ஸ் த ஸ்கோர்» படிக்கச் சொல்கிறார்களே?

பெசல் வான் டெர் கோல்க் எழுதி 2014-இல் வந்த புத்தகம். அதிர்ச்சி மூளையையும் உடம்பையும் என்ன செய்கிறது என்பதைப் பொதுவாசகருக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார். என் கைக்கு முதலில் வந்ததும் இதுதான், அந்தப் பிரேக் விஷயம் பிடிபட்டதும் இதன் வழியாகத்தான். ஆனாலும் முதல் புத்தகமாக யாருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு நடந்த கொடுமைகளும் போர்க்கள நிகழ்வுகளும் மறைக்காமல் விவரிக்கப்படுகின்றன. தூங்கப் போகும் முன் படிக்கக் கூடாத பக்கங்கள் அதில் நிறைய. குடும்பம் என்ன செய்யலாம் என்று தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். யோகா, நாடகம், நியூரோஃபீட்பேக் (மூளை அலைகளைக் கருவியில் பார்த்துக்கொண்டே அவற்றை மாற்றப் பழகுவது) என்று பல வழிகளை ஆர்வத்தோடு சொல்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் இருப்பதாக எடுத்துக்கொண்டு, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை மாற்றச் சொல்லி உங்கள் வீட்டில் இருப்பவரை நச்சரித்துவிடாதீர்கள். மூளையைப் பற்றிய அத்தியாயங்களை மட்டும் முதலில் படியுங்கள், மற்றதை மனசு தாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

“மனசு விட்டுப் பேசினால் பாரம் குறையும்” என்று சொன்னால் அவருக்குக் கோபம் வருகிறது. ஏன்?

நாங்களும் இதைத்தான் செய்தோம். வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரும் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். கேட்கக் கேட்க அண்ணன் தன் அறையை விட்டு வெளியே வருவது குறைந்தது.

இதற்கு எனக்கு விடை கொடுத்தது ஜூடித் ஹெர்மனின் «ட்ராமா அண்ட் ரிகவரி». 1992-இல் வந்தது, இன்னும் இந்தத் துறையின் அடித்தளம். மீட்சியை அவர் மூன்று கட்டங்களாகச் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. அப்புறம் நினைவுகூர்வதும் துக்கம் அனுசரிப்பதும். கடைசியில் மறுபடியும் மனிதர்களோடும் அன்றாட வாழ்க்கையோடும் சேர்வது. வரிசை நேர்கோட்டில் போகாது, முன்னே பின்னே நகரும் என்று அவரே எச்சரிக்கிறார். ஆனால் பாதுகாப்பு வராமல் நினைவைத் தோண்டக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். பாதுகாப்பு என்றால் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. ஒழுங்கான தூக்கம், முன்கூட்டியே தெரிந்த நாள், சொல்லாமல் யாரும் பின்னால் வந்து நிற்காத வீடு, வேண்டாம் என்று சொன்னால் அத்தோடு விட்டுவிடும் மனிதர்கள். நாங்கள் இரண்டாம் கட்டத்துக்கான வேலையை முதல் வாரத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதைப் படித்தபின் வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். வரும் உறவினர்களிடம் வாசலிலேயே “அதைப் பற்றிக் கேட்காதீங்க” என்று சொல்லிவிடுவோம். கொஞ்ச நாளில் அண்ணன் கூடத்துக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். பேசினார் என்று சொல்லவில்லை. வந்து உட்கார்ந்தார்.

கனமான புத்தகம்தான். முழுதும் முடியாவிட்டால், மீட்சியைப் பற்றிய இரண்டாம் பாகத்தை மட்டுமாவது படியுங்கள்.

என் துணைக்கு நடந்தது சின்ன வயதில். விபத்து, போர் என்று எழுதியவை பொருந்தவில்லையே?

பொருந்தாதுதான். நீண்ட காலம், தப்பிக்க வழியில்லாமல், பெரும்பாலும் தெரிந்தவர் கையாலேயே நடந்த கொடுமை வேறு மாதிரி வடுவை விடும். நம்புவதே அங்கே கஷ்டம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பு (2022 முதல் நடைமுறையில் உள்ளது) இதைச் சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாகவே குறிக்கிறது.

சின்ன வயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவரின் துணையாக இருந்தால், லாரா டேவிஸின் «அலைஸ் இன் ஹீலிங்» (1991). துணைகள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை, உடல் நெருக்கத்தைப் பற்றியவை உட்பட, நேராக எடுத்துப் பதில் சொல்கிறது. எழுதியவரே அப்படிப்பட்ட பால்யத்தைக் கடந்து வந்தவர். அடி, ஏச்சு, புறக்கணிப்பு என்று போன பால்யம் என்றால் பீட் வாக்கரின் «காம்ப்ளெக்ஸ் பி.டி.எஸ்.டி.» (2013). பாதிக்கப்பட்டவருக்காக எழுதியதுதான், ஆனாலும் நீங்கள் படிக்கலாம். காட்சி எதுவும் கண்ணில் வராமல், அந்தப் பழைய பயமும் அவமானமும் மட்டும் வந்து மூடிக்கொள்ளும் நிலையை அவர் விளக்கும்போது, “ஒண்ணுமே நடக்கலையே, ஏன் திடீர்னு இப்படி ஆயிட்டாங்க?” என்று நீங்கள் குழம்பிய மாலைகள் ஞாபகத்துக்கு வரும்.

ஆள் எதிரில் இருக்கிறார். ஆனால் நான் பழகிய ஆள் இல்லை. இதற்கு அழுவது தப்பா?

தப்பே இல்லை. இந்தக் கேள்விக்காகவே ஒரு புத்தகம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பாலின் பாஸ் என்ற குடும்ப உளவியல் அறிஞர் 1970-களில், போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு வேலை செய்தார். இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாததால் அவர்களால் துக்கத்தை முடிக்கவும் முடியவில்லை, நம்பிக்கையை விடவும் முடியவில்லை. அந்த இழப்புக்கு அவர் வைத்த பெயரே 1999-இல் வந்த புத்தகத்தின் தலைப்பும்: «அம்பிகுவஸ் லாஸ்», தெளிவில்லாத இழப்பு. அதில் இரண்டாவது வகையும் உண்டு. உடம்பு இங்கே இருக்கும், மனசு எட்டாத இடத்தில் இருக்கும். மறதிநோய் வந்தவர்களின் குடும்பங்களை வைத்து அதை விளக்குகிறார்.

பி.டி.எஸ்.டி. பற்றிய புத்தகம் இல்லை இது. ஆனாலும் நான் அதிக இடங்களில் கோடு போட்டது இதில்தான். சாவு வீட்டுக்குத் துக்கம் கேட்க ஆள் வருவார்கள். இந்த இழப்புக்கு யாரும் வரமாட்டார்கள். “ஆளு பொழச்சு வந்துட்டாரே, அதுவே பெருசு” என்பார்கள். அதுவும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சுமக்கலாம், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அந்தப் புத்தகம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

நடுராத்திரி அலறி எழுந்தால் என்ன செய்வது?

தொட்டு உலுக்காதீர்கள். கனவுக்குள் இருப்பவர் உங்களைத் தாக்க வந்தவராக நினைத்துக் கையை வீசிவிடக்கூடும். விளக்கைப் போடுங்கள், கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். நீங்கள் யார், இது எந்த இடம், இன்றைக்கு என்ன கிழமை என்று நிதானமாகச் சொல்லுங்கள். பகலில் ஃப்ளாஷ்பேக் வந்தாலும் இதேதான். விழித்தபின் என்ன கனவு என்று துருவ வேண்டாம். தெளிவாக இருக்கும் ஒரு நேரத்தில், அந்த மாதிரி நேரத்தில் நான் என்ன செய்தால் நல்லது என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம், சத்தம், பயணம் எதுவும் அவர் பக்கம் வராமல் நானே பார்த்துக்கொள்கிறேன். சரிதானே?

ஆரம்பத்தில் அது அன்பு. வருஷக்கணக்கில் போனால் அது அவருடைய உலகத்தைச் சுருக்கிவிடும், கூடவே உங்களுடையதையும். தவிர்ப்பது இந்த நோயின் ஒரு பகுதி. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் அந்த நொடியில் நிம்மதி கிடைக்கும், பயம் மட்டும் இன்னும் வலுவாக வேர் விடும். அண்ணன் வண்டியில் ஏறாததற்கு ஏற்ற மாதிரி எங்கள் வீட்டு வாழ்க்கையையே மாற்றி அமைத்துவிட்டோம். யார் கல்யாணத்துக்கும் சேர்ந்து போகவில்லை. அதை உதவி என்றே நம்பினேன்.

கேண்டிஸ் மான்சன், ஸ்டெஃபனி ஃப்ரெட்மன் இருவரும் தம்பதிகளைச் சேர்த்து உட்காரவைத்துச் செய்யும் 15 அமர்வுச் சிகிச்சை ஒன்றை உருவாக்கி, 2012-இல் அதன் கையேட்டை வெளியிட்டார்கள். இருவரும் சேர்ந்தே தவிர்ப்பதை, சேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது அதில் ஒரு பெரிய பங்கு. சிகிச்சையாளர்களுக்கான நூல் என்பதால் நீங்கள் படிக்கத் தேவையில்லை. இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு உங்கள் சிகிச்சையாளரிடம் கேளுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பயத்தைப் போக்குகிறேன் என்று நீங்களாகவே அவரைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். எதில் தொடங்குவது, எவ்வளவு தூரம் என்பதை அவரும் சிகிச்சையாளரும் தீர்மானிக்கட்டும்.

கை ஓங்குகிறார். அதுவும் நோய்தானா?

எரிச்சல் நோயின் அறிகுறி. உங்களை அடிப்பதற்கு நோய் அனுமதிச் சீட்டு ஆகாது. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பதில்லை. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ பயமாக இருந்தால் முதலில் அங்கிருந்து வெளியேறி, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். புத்தகம், புரிதல் எல்லாம் அதற்குப் பிறகு.

பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

சின்ன வாக்கியங்களில். “அப்பாவுக்கு ஒரு பயங்கரமான விஷயம் நடந்தது. சத்தம் கேட்டால் அவர் உடம்பு பயப்படும். அது உன்னால் இல்லை.” கடைசி வாக்கியத்தை அடிக்கடி சொல்லுங்கள், பிள்ளைகள் பழியைத் தங்கள் மேலே போட்டுக்கொள்வார்கள். பாதிக்கப்பட்டது பிள்ளையே என்றால், மனநல மருத்துவர் ப்ரூஸ் பெரியும் மாயா சலாவிட்ஸும் சேர்ந்து எழுதிய «த பாய் ஹூ வாஸ் ரெய்ஸ்டு அஸ் எ டாக்» (2006) நல்ல துணை. ஆனால் அதிலும் மனத்தைப் பிசையும் பக்கங்கள் உண்டு.

படித்துப் படித்து எனக்கே தூக்கம் போய்விட்டது.

நிறுத்துங்கள், ஒரு வாரமாவது. இது உங்கள் பலவீனம் இல்லை. அடுத்தவரின் அதிர்ச்சியை நெருக்கத்தில் சுமப்பவர்களுக்கும் அதன் அறிகுறிகள் வரும் என்று சார்ல்ஸ் ஃபிக்லி தொகுத்த «கம்பேஷன் ஃபட்டீக்» என்ற நூல் 1995-லேயே பேசியது. சிகிச்சையாளர்களையும் மீட்புப் பணியாளர்களையும் மனதில் வைத்து வந்த நூல் அது. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற அவர்களுக்கே அப்படி என்றால், வீடே களமாக இருப்பவர்களுக்குக் கேட்கவா வேண்டும்? உங்களுக்கென்று ஓர் ஆலோசகரைப் பாருங்கள். அவருடைய சிகிச்சையாளரையே பங்குபோட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. என்ன செய்வது?

வேகம் எதற்கு? வீட்டில் படிக்க வருபவர் ஒருவர் ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, மற்றவர்களுக்குத் தமிழில் கதைபோலச் சொல்லட்டும். நான் அம்மாவுக்கு அப்படித்தான் சொன்னேன். “அவன் வேணும்னு செய்யலையா அப்போ?” என்று அம்மா கேட்டதும், அந்த ஒரு அத்தியாயம் போதும் என்று தோன்றியது.

“இருந்து என்ன பயன்” என்கிறார். எந்தப் புத்தகம் படிக்கலாம்?

இப்போது புத்தகம் வேண்டாம். “சாகணும்னு தோணுதா?” என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். மாத்திரை, பூச்சிமருந்து, ஆயுதம் எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். அவருடைய மருத்துவரையோ அவசர உதவி எண்ணையோ உடனே அழையுங்கள்.

புத்தகத்தை அவரிடமே கொடுத்துப் படிக்கச் சொல்லலாமா?

நான் கொடுக்கக்கூட இல்லை, அப்படியும் காயப்படுத்திவிட்டேன். பாதி படித்த புத்தகத்தைக் கூடத்து நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போயிருந்தேன். திரும்பி வந்தபோது அது அண்ணன் கையில் இருந்தது. மஞ்சள் மையில் கோடு போட்டிருந்தேன். பக்க ஓரத்தில் “அண்ணனும் இப்படித்தான்” என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை. “நான் என்ன உனக்குப் பாடப்புத்தகமா?” என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஓரத்தில் அவரைப் பற்றி எழுதுவதில்லை, என்னைப் பற்றித்தான் எழுதுகிறேன். எங்கே கத்தினேன், எங்கே அவசரப்பட்டேன் என்று. அவருக்காகப் புத்தகம் வாங்கி வந்து தலைமாட்டில் வைப்பது, “இதைப் படி, உனக்குப் புரியும்” என்று சொல்வது, இதெல்லாம் நம் காதுக்கு அக்கறையாகக் கேட்கும். அவர் காதுக்கு “நீ சரியில்லை” என்றுதான் விழும். “இதைப் படிச்சிட்டிருக்கேன், எனக்கு உதவியா இருக்கு” என்று சொல்லுங்கள். நீங்கள் படிப்பது அவருக்குத் தெரியட்டும், ஒளிக்க வேண்டாம். அதற்குமேல் அவர் விருப்பம்.

சரி, அவரே கேட்டால்?

அண்ணன் கேட்டார், ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து. அப்போது அவர் காக்னிட்டிவ் ப்ராசஸிங் தெரபி என்ற சிகிச்சையில் இருந்தார், பொதுவாக 12 அமர்வுகள் நடக்கும். அதை உருவாக்கிய பட்ரிஷியா ரெசிக்கும் இன்னும் இருவரும் சேர்ந்து, பாதிக்கப்பட்டவர் தானே எழுதிப் பார்க்கும் பயிற்சித்தாள்களோடு «கெட்டிங் அன்ஸ்டக் ஃப்ரம் பி.டி.எஸ்.டி.» என்ற நூலை 2023-இல் கொண்டுவந்தார்கள். “என் தப்புதான்”, “இனி எங்கேயும் பாதுகாப்பு இல்லை” போன்ற, மனசு மாட்டிக்கொண்டு நிற்கும் எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விசாரிக்கச் சொல்லும். சிகிச்சையில் இருப்பவர் என்றால் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

மற்ற புத்தகங்களைக் கொடுக்கும் முன் நீங்கள் முழுதும் படித்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் அவருக்கு நடந்தது போன்ற விவரிப்பு வருகிறது என்று பார்த்து வையுங்கள். நான் «தி பாடி கீப்ஸ் த ஸ்கோர்» கொடுத்தபோது, வாகன விபத்து வரும் பக்கங்களை மடித்து, மேலே ஒட்டுத்தாள் ஒட்டி, “இங்கே வண்டி வரும். இதைத் தாண்டிப் போகலாம்” என்று எழுதியிருந்தேன். புத்தகம் திரும்பி வந்தபோது இரண்டு ஒட்டுத்தாள்கள் ஒட்டினபடியே இருந்தன. மூன்றாவது பிரிக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கத்து ஓரத்தில் அண்ணன் பென்சிலால் அன்றைய தேதியைக் குறித்திருந்தார்.